அவள் கழுத்தைப் பற்றி நான் எழுதிய ரிப்போர்ட்

நான் கெட்டவள் இல்லை என்று சொல்லிக்கொண்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மசாஜ் என் தொழில். மசாஜ் என்றதும் இளிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிசியோதெரபி கிளினிக்கில் பதினோரு வருடம் இருந்து, முறையாகப் படித்து, சர்டிபிகேட் வாங்கியவள் நான். விவேக் நகரில் வீடு. புதன்கிழமைதோறும் ஆடுகோடி பக்கம் ஒரு கம்பெனிக்குப் போவேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இறுகிப்போன தோள்களைப் பிடித்துவிட வேண்டும். பழைய ஜெராக்ஸ் ரூமை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். முகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொள்ள ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று. எண்ணெய் கிடையாது, உடுப்பு மேலேயே செய்ய வேண்டும், ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

அங்கே வந்தவள்தான் அவள். முப்பது வயது இருக்கும், ஸ்ரீராம்புரத்துப் பெண். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. முதல் நாள் கழுத்தைத் திருப்பு என்றால் உடம்பையே திருப்பினாள். சுண்டுவிரலில் லேசாக மதமதப்பு இருப்பதாகச் சொன்னாள். காய்ச்சல், வீக்கம், மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுக் கட்டைவிரலை வைத்தேன். தோள்பட்டை முழுக்க ஊறாத கொண்டைக்கடலை மாதிரி உருண்டை உருண்டையாகக் கையில் பட்டது. அவசரப்படவில்லை. இப்படிப்பட்ட தசையிடம் முரட்டுத்தனம் காட்டினால் இன்னும் இறுகும். மெதுவாக அழுத்தி, அவள் மூச்சு விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனேன்.

மூன்றாவது வாரம் அவள் அழுதாள். இறுக்கம் விடும்போது சிலருக்கு அழுகை வரும், அதை நான் கண்டுகொள்ள மாட்டேன். அழுது முடித்து அவளே சொன்னாள். அவள் அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ், எல்லாம் இந்தக் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸில்தான் ஓடுகிறதாம். "இந்த வேலை போச்சுன்னா எங்கம்மா இல்லக்கா," என்றாள்.

இரண்டு மாதத்தில் கழுத்து நன்றாகத் திரும்பியது. விரல் மதமதப்பு நின்றது. ராத்திரி அசந்து தூங்குகிறேன் என்றாள், முகமே தெளிந்துவிட்டது. மருந்து இல்லை, மாயம் இல்லை, என் இரண்டு கட்டைவிரல்கள்தான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அட்மின் ஆபீசர் கூப்பிட்டார். என் கான்ட்ராக்ட் முடியப்போகிறது, இந்த மசாஜால் என்ன லாபம் என்று மேலிடம் கேட்கிறது, ஒவ்வொருவரும் எப்படி வந்தார்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். பெயர் வேண்டாம், எம்ப்ளாயி நம்பர் போட்டால் போதுமாம். நம்பர்தானே என்று இந்த மரமண்டையும் நினைத்தது.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு. நாம் சரிசெய்தது பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால், ஆள் வந்தபோது இருந்த நிலைமையைக் கொஞ்சம் ஊதி எழுதுவோம். வலி என்றால் தாங்க முடியாத வலி, தூக்கம் குறைவு என்றால் தூக்கமே இல்லை. கிளினிக்கில் அதைப் படிக்கிறவர் டாக்டர், அவர் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படிப்பார். அந்தப் பழக்கத்தில் அவள் நம்பருக்கு எதிரே மனசார எழுதினேன். கழுத்து திரும்பவே இல்லை. விரல்கள் மரத்துப்போய் மவுஸ் பிடிக்க முடியவில்லை. மாதக்கணக்கில் தூக்கம் கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறார். கடைசி வரியில், இப்போது முழுக்கக் குணம் என்று போட்டேன். எழுதி முடித்து இரண்டு தரம் படித்து ரசித்தேன், பாவி.

ஒரு மாதம் கழித்து ஆட்களைக் குறைத்தார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் என்று போட்ட முதல் பட்டியலிலேயே அவள் நம்பர் இருந்தது.

நேரே அட்மின் ஆபீசரிடம் போனேன். அவள் தேறிவிட்டாள் என்றும் எழுதியிருக்கிறேனே, அதைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். மனுஷன் பதறவே இல்லை.

"நீங்க எழுதினதுதானே மேடம்? நாங்க சொந்தமா ஒண்ணும் சேர்க்கலையே," என்றார். பிறகு டிராயரைத் திறந்து என் புது கான்ட்ராக்டை எடுத்து நீட்டினார். ரிப்போர்ட் மேலிடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்களாம். அதை அவர் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். நான் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன். என் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது.

அடுத்த புதன்கிழமை அவளுக்குக் கடைசி நாள். அன்றோடு இன்சூரன்சும் முடிகிறது. என் ரூமுக்கு வந்தாள், ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை. வேலையை விட்டு நிறுத்துகிற மீட்டிங்கில் என் பேப்பரை அவள் முன்னாலேயே வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

"மவுஸ் பிடிக்க முடியலன்னு நான் எப்பக்கா சொன்னேன்?"

அவள் கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் போலக் கேட்டாள். அம்மாவை எங்கே கூட்டிப்போவாய் என்று கேட்டேன். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் பெயர் எழுதி வைத்திருப்பதாகவும், அங்கே எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது என்றும் சொன்னாள். அவள் தோள் மறுபடி காதுவரை ஏறியிருந்தது. என்னை அறியாமல் கை அங்கே போய்விட்டது.

"கையை எடுங்க," என்றாள்.

எடுத்தேன். அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் அம்மா என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கத் தைரியம் இல்லை.

புதன்கிழமை வேலைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் ஒரு டீம் லீடர் வந்து உட்கார்ந்தார், நரை விழுந்த மனிதர். எங்கே சார் வலிக்கிறது என்று கேட்டேன். "எனக்கு எங்கயும் வலியில்ல மேடம், சும்மா வந்தேன். அப்படியே எழுதிக்குங்க," என்றார். தோளில் கட்டைவிரலை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.