பெடல்மேல் என் கால்

ஒன்றரை வருடம் நான் எங்கள் கிறிஸ்தவ சபையின் இசைக்குழுவில் இருந்தேன் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். நான் இசைக்குழுவில் இருக்கவில்லை. இசைக்குழுவின் காலடியில் ஒரு முக்காலியில் செருப்பில்லாமல் உட்கார்ந்து, ஒரு இரும்பு டப்பாவின்மேல் கால் கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயர் இசை என்றால், பஸ் சக்கரத்துக்குக் கல் வைக்கிறவனும் டிரைவர்தான்.

அந்த டப்பா ஒரு கிட்டார் பெடல். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டி, காலால் ஒரு மிதி மிதித்தால் கம்பியின் ஓசை தடித்து, கரகரத்து, நீண்டு நிற்கும். ஆவடியில் அப்போது அதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. எண்பதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை; குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படித்துக்கொண்டிருந்தேன். ரிச்சி தெருவில் பழைய சாமான் குவியலில் செத்துக் கிடந்த பெடலை வாங்கி, ஒரு மாதம் உட்கார்ந்து உயிர் கொடுத்தது நான். கிட்டார் சபைக்குச் சொந்தம். அதை வாசிக்க நானாகக் கற்றுக்கொண்டேன், பயிற்சிக்கு நடுவில் இசைக்குழுப் பையன்கள் டீ குடிக்கப் போகிற இடைவெளிகளில். பதினைந்து நிமிடம் கிடைக்கும். சில நாள் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள் என்றால் இருபது.

கிட்டார் வாசித்தவர் வாலிபர் சங்கச் செயலாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எப்போதும் பளபளவென்று ஷூ. என் பெடலைக் கொண்டுபோய்க் காட்டியதும் வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். யாருடையது என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் மிதித்த உடனே ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது.

"இன்னாம்மா இது, மாவு மெஷின்ல குந்திகினு வாசிக்கிற மாதிரி கீது?" என்றார்.

குமிழைத் திருகிப் பார்க்கலாம் என்று நான் குனிந்து பெடலைத் தொட்டேன். இரைச்சல் சட்டென்று அடங்கியது. கையை எடுத்தேன், திரும்ப வந்தது. மறுபடி தொட்டேன், அடங்கியது. பையன்கள் கைதட்டினார்கள்.

"கைராசிம்மா உனக்கு! அப்டியே புடிச்சிக்கோ" என்றார் செயலாளர்.

ஒரு பாட்டு முழுக்கக் குனிந்து பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? முக்காலி வந்தது. கைக்குப் பதில் கால் வந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் செருப்பு போடக் கூடாது என்று எங்கள் சபையில் சட்டம்; ஷூவுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெறுங்காலோடு முக்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைச் சிமெண்ட் தரையில் ஊன்றி, மறு காலின் கட்டைவிரலைப் பெடலில் வைத்திருப்பேன். கட்டெறும்பு கடிப்பதுபோல் சுள்சுள்ளென்று இருக்கும்.

"ஷாக் அடிக்குதுண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உனுக்கு பயம்மா. நான் கிட்டார கையிலயே வச்சினு கீறேன், எனுக்கு அடிக்கலையே?"

அடிக்காது. காலில் ரப்பர் ஷூ. அது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எர்த் என்பது நான் படித்த புத்தகத்தில் முதல் பாடம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஏன் உறைக்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கைராசி என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வார்த்தைக்கு ஒன்றரை வருடம் கடி வாங்கியவள் நான்.

இரண்டாவது கிறிஸ்மஸ் நெருங்கியபோது அவரிடம் நேராகவே கேட்டேன், நானும் வாசிக்க வேண்டும் என்று. சிரித்தார். "மொதல்ல இந்த சத்தத்த நிறுத்து. நிறுத்திட்டேன்னா கிறிஸ்மஸ் ஆராதனையில ஒரு பாட்டு உன்னுது" என்றார். பையன்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

அதற்குப் பிறகு பெடலை நான் விடவில்லை. திறந்து, மிதிக்கிற ஸ்விட்சைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். கிட்டார் வயர் சொருகும் இடத்தில் பழைய ஈயத்தைச் சுரண்டிப் புதிதாக வைத்தேன். சந்தேகப்பட்ட இரண்டு கெபாசிட்டரை மாற்றினேன். அடாப்டரைக் கழற்றிவிட்டு வெறும் பேட்டரியில் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஆராதனை மண்டபத்தில் கொண்டுபோய் மாட்டினால் அதே மாவு மெஷின்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் செயலாளர். "சால்டரிங்லாம் பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா?"

மறுநாள் பெடலை ஐ.டி.ஐ.க்குக் கொண்டுபோய் லேப் மேசையில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. காலை வைக்கவில்லை, கையை வைக்கவில்லை, என் ராசி எதுவும் அங்கே தேவைப்படவில்லை. அப்போதுதான் புத்தி வந்தது. கோளாறு பெடலில் இல்லவே இல்லை.

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போய் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை உருவிப் பார்த்தேன். கீழே இரண்டு பின். மேலே மூன்றாவது பின் இருக்க வேண்டிய இடத்தில் அறுத்த பித்தளைத் துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"யாருண்ணே இத அறுத்தது?"

"நான்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு ஓட்டதான கீது? மூணாவது சும்மா ஷோவுக்கும்மா. ரம்பத்தால ஒரே இழு."

பெருமையோடு சொன்னார். கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போய்ச் சேர வைத்த வழி அந்த மூன்றாவது பின். அதை அறுத்துவிட்டால் கரண்ட் சும்மா இருக்குமா? வேறு வழி தேடும். தேடி, முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் காலைக் கண்டுபிடித்தது. அந்த மண்டபத்துக்கு எர்த் வயராக இருந்தவள் நான். கைராசியாம், கைராசி!

புது பிளக் போட்டுப் பார்த்தேன். பலனில்லை, சுவரில் இருந்த போர்டிலும் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கெஞ்சி ஓர் இரும்புக் கம்பி வாங்கி வந்தேன். மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டிக் கம்பியை அடித்து இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதிலிருந்து ஒரு பச்சை வயரை ஜன்னல் வழியாக இழுத்து ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத் திருகில் மாட்டினேன். கையெல்லாம் கொப்புளம். சுவிட்சைப் போட்டேன்.

நிசப்தம்.

செயலாளர் கிட்டாரை எடுத்துத் தட்டிப் பார்த்தார், மிதித்துப் பார்த்தார். "பரவால்லியேம்மா!" என்றார். அடுத்த மூச்சில், "அப்ப இனிமே நீ இங்க குந்த வேணாம். கிறிஸ்மஸுக்கு கோயர்ல பாடற பொண்ணுங்களோட நின்னுக்கோ" என்றார்.

"ஒரு பாட்டு என்னுதுன்னு சொன்னீங்களேண்ணே?"

"சொன்னேன்தான். பொண்ணு நின்னுகினு கிட்டார் வாசிச்சா பெரியவங்க இன்னா சொல்வாங்க? நீயே யோசி."

நான் யோசித்தேன். கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று வீட்டில் கத்தினேன். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். "ஏட்டி, கோயிலுக்குள்ள போயி சண்டையா போடப் போற? விட்டுரு" என்றாள். எல்லா வீட்டிலும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிற அந்த 'விட்டுரு'. விடவில்லை.

கிறிஸ்மஸ் காலை. காகித நட்சத்திரம் கட்டுவதற்காகப் பெண்கள் நாங்கள் முன்னதாகவே போயிருந்தோம். ஆம்ப்ளிஃபயர் பக்கம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, திருகைத் தளர்த்திப் பச்சை வயரை உருவிக் கீழே போட்டேன். பாவம் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவர் காலில் ஷூ இருக்கும், அவருக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும்.

மூன்றாவது பாட்டுக்கு அவர் பெடலை மிதித்தார். மாவு மெஷின் ஓடியது. முன்வரிசைப் பெரியவர்கள் நிமிர்ந்தார்கள், ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. குமிழைத் திருகினார், வயரை ஆட்டினார். பிறகு கோயரில் நின்ற என்னைத் தேடிப் பிடித்து, புருவத்தை உயர்த்தி, தாடையால் தரையைக் காட்டினார். வந்து காலை வை என்று அர்த்தம். மொத்தச் சபையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வெறுங்காலோடு போனேன். உட்காரவில்லை. அவருக்கு முன்னால் நின்று கையை நீட்டினேன்.

"கால வைம்மா, எல்லாம் பாக்கறாங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"கிட்டாரக் குடுங்கண்ணே."

போதகர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் வாரைத் தலைவழியாகக் கழற்றிக் கொடுத்தார். என் விரல் கம்பியில் பட்டதும் இரைச்சல் அடங்கியது.

பழைய கட்டெறும்பு, இந்த முறை விரல்களில். நான்கு சரணமும் கடித்தது. ஒவ்வொரு தடவை கம்பியை அழுத்தும்போதும் சுள்ளென்றது. பச்சை வயர் என் காலுக்கு ஒரு முழ தூரத்தில் கிடந்தது. மாட்டினால் கடி நின்றுவிடும். நின்றுவிட்டால் கிட்டார் அவர் கைக்குத் திரும்பிவிடும். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் வந்தது. கோயரில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்து ஆட்கள் சூழ்ந்துகொண்டபோது செயலாளர் போதகரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "சொன்னேன் இல்லைங்கய்யா? அந்தப் பொண்ணு கைராசி."

குனிந்து பச்சை வயரைப் பழையபடி திருகில் மாட்டி இறுக்கினேன். இனி அந்த ஆம்ப்ளிஃபயருக்கு யாருடைய காலும் தேவையில்லை. பிறகு என் பெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் என்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.