மருதாள் சொன்ன நாற்பத்தேழாவது தொடர்

உங்களிடம் இல்லாத ஒன்றை, ஒரு பேச்சுக்காவது, "என்னுடையது" என்று சொல்லியிருக்கிறீர்களா? மருதாள் சொன்னதில்லை. அவள் இனத்தார் யாரும் சொல்ல மாட்டார்கள். இல்லாததை உண்டென்று வாயால் சொல்வது அவர்களுக்குக் குற்றம்.

அணை கட்டுவதற்காக ஊரைக் காலி செய்து மலையிலிருந்து இறக்கப்பட்டவள் அவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நூல் சுற்றினாள். அவள் தாய்மொழியைப் பேசுகிறவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. அதற்கு எழுத்தும் கிடையாது. 1964இல் ஞானசம்பந்தம் என்ற ஆராய்ச்சியாளர் டேப் ரெக்கார்டரோடு அவளைத் தேடி வந்தார். அந்த மொழியில் சொற்கள் எந்த வரிசையில் சேர்ந்து தொடராகின்றன என்று புத்தகம் எழுதப்போகிறாராம்.

மருதாள் ஒரே நிபந்தனை வைத்தாள்.

"செத்துப்போன எம்புள்ளைக ரெண்டு பேரோட பேரும் அந்தப் புஸ்தகத்துல வரோணுங்க."

கீழே கொண்டுவந்து விட்ட கொட்டகையில் அம்மை கண்டு இறந்த குழந்தைகள். பிறந்ததும் இறந்ததும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் சரி என்றார்.

"பேசறதுக்கு ஆளத் தேடி வாராங்களா? நாங்க பேசினா மேஸ்திரி வையறாரு," என்றாள் பக்கத்தில் நூல் சுற்றிய முத்தாத்தாள்.

அதே கம்பெனியில் நான் சரக்குக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோர் அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"'என் பெரிய ரெண்டு வீடுகள்.' இதை உங்க மொழியில சொல்லும்மா."

"எனக்கு ஒரு ஊடே இல்லீங்களே."

"சும்மா சொல்லு. 'என் கறுப்பு ஆடுகள்.'"

"ஆடு ஊர் மணியகாரர்கிட்டத்தானுங்க இருக்குது. அவரைக் கேளுங்க."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. "அறிவு மந்தம்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். இல்லாத சாமிக்கு ஆறுகாலப் பூசை நடக்கும் நாட்டில், பொய் சொல்ல வராதவளுக்கு இந்தப் பட்டம்.

மூன்றாம் நாள் அலுத்துப்போய், "சரி, உனக்கு இருக்கிறதையே சொல்லு," என்றார்.

மருதாள் நான்கு சொற்கள் சொன்னாள். அவர் பொருள் கேட்டார்.

"செத்துப்போன எம்புள்ளைக ரெண்டுங்க."

அவர் முகம் மலர்ந்தது. பிள்ளைகள், என், செத்த, இரண்டு. தேடிய வரிசை கிடைத்துவிட்டது. டேப்பில் தெளிவாக விழ ஐந்து முறை சொல்லச் சொன்னார். ஐந்து முறையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு அவள் நூல் சுற்றப் போனாள்.

புத்தகம் 1968இல் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், நாற்பத்தேழாம் எடுத்துக்காட்டாக அந்தத் தொடர் இருக்கிறது. அடிக்குறிப்பில், "சொன்னவர்: ஆலைக்கூலிப் பெண்." குழந்தைகளின் பெயர்கள் எங்கும் இல்லை. அவருக்கு எழுதிக் கேட்டேன். தொடரமைப்பு ஆராய்ச்சியில் அவற்றுக்கு இடமில்லை என்று கார்டு வந்தது. அதை மருதாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"செரீங்க," என்றாள்.

சில கல்லூரி நூலகங்களில் அந்தப் புத்தகம் இருக்கிறது. உங்கள் கைக்குக் கிடைத்தால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் மையால் எழுதி வையுங்கள்: நல்லான், நான்கு வயது. ரங்கி, ஒன்றரை வயது.