கண்ணாடிக்குப் பூசிய வண்டி மை

சுண்ணாம்புக்கல் பார்க்க அரியலூர் வந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை, ஓட்டித் தேய்த்துவிட்டு விட்டுப்போன கார் அது. வாடகைக்கு ஓட்ட அதை ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து சாமிதுரை வேட்டியைத் துறந்து காக்கிக் கால்சட்டைக்கு மாறினார். காருக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு; முனகல் மட்டும் இரண்டு பங்கு. அதன் கதவுக் கண்ணாடி மற்ற கார்களைப்போல ஏறி இறங்காது. இரண்டு துண்டாக இருக்கும். ஒன்றைப் பக்கவாட்டில் தள்ளினால்தான் திறக்கும். "இந்த மாதிரி வண்டி ஜில்லாவுலயே கெடையாது" என்பார். உண்மைதான். ஜில்லாவில் வேறு எவருக்கும் புத்தி அவ்வளவு கெட்டிருக்கவில்லை.

கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் துரை காலத்தில் கம்பளிப் பட்டை பதித்திருந்தது. பாதியை எலி தின்றது, மீதியை வெயில் தின்றது. இப்போது கண்ணாடி கடகடவென்று ஆடும். கல் லாரிகள் ஓடுகிற ரோட்டில் வெள்ளைத் தூசி அழைக்காத விருந்தாளியாக உள்ளே வந்து சப்பணமிட்டு உட்காரும். எழுபத்தெட்டாம் வருஷத்துத் தையில் திருமானூரிலிருந்து அவர் ஏற்றிவந்த மாப்பிள்ளை, மண்டபத்தில் இறங்கியபோது புருவம்வரை நரைத்திருந்தான். பெண்வீட்டார் அவனை மாப்பிள்ளையின் தாத்தா என்று எண்ணி, மாலையோடு காருக்குள் எட்டிப் பார்த்து வேறு ஆளைத் தேடினார்கள். இந்தச் சேதி செந்துறை பஸ்ஸுக்கு முன்னால் செந்துறை போய்ச் சேர்ந்தது. அதன்பின் கல்யாணம் என்றால் பெரம்பலூரிலிருந்து புது அம்பாசிடர்தான்.

வைகாசியில் அவருடைய அக்கா கொளஞ்சியம்மாள் தன் மகன் அரியமுத்துவுக்குக் கல்யாணம் வைத்தாள். மாப்பிள்ளை செந்துறை, மண்டபம் அரியலூர்.

"தம்பி, தாய்மாமன் கார்லதான் என் புள்ள போவணும்னு நெனைக்கிறேன். ஆனா அவன் மேல இத்தனூண்டு தூசி பட்டுச்சோ, பொண்ணை அழைச்சிட்டு வரப் பெரம்பலூரு கார்தான். அப்பறம் கூடப்பொறந்தவளே ஏறாத வண்டியில எவ ஏறுவா? நீயே சொல்லு."

சாமிதுரை அன்றே பஸ் ஏறினார். திருச்சிக்குப் போய்ப் பட்டை கேட்டார். கடைக்காரர், "இதுக்கு நீங்க கப்பல்தான் ஏறணும் சார்" என்று சிரித்தார். ஊர் திரும்பிய மனிதர் பழைய பட்டையை உளியால் சுரண்டினார். மறுநாள் மனைவி ராசாத்தி வீடெல்லாம் தேடினாள்.

"என் கம்பளி எங்கங்க?"

"கார்ல இருக்கு."

"ஏன், அதுக்குக் குளுருதாமா?"

குளிர்ந்ததோ இல்லையோ, கம்பளி வார் வாராக நறுக்கப்பட்டு, சைக்கிள் பஞ்சருக்குப் போடும் பசையால் பள்ளத்தில் ஒட்டப்பட்டுவிட்டது. கண்ணாடியை உள்ளே செருகினார். அது போய் நின்றது, நின்றது நின்றதுதான். மெக்கானிக் காசிநாதன் வந்து விரலால் தடவிப் பார்த்தான்.

"கம்பளி தடிமன், மாமா. உரிச்சுப்புட்டு மெலிசா ஒட்டுங்க. இல்லாட்டி சோப்பைத் தேய்ங்க. எண்ணெய் மசகு மட்டும் காட்டிறாதீங்க."

"டேய், எங்கப்பன் ஆறு மாட்டுவண்டி வச்சு ஓட்டுனவரு. ஓடாதத ஓட வைக்க எனக்கா சொல்லித் தர்ற?"

"அது சக்கரம், மாமா. இது கண்ணாடி."

"ரெண்டும் ஓடுறதுதானடா!"

விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து, மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற அதே வண்டி மையைக் கிளறினார். நாலு கதவுப் பள்ளத்திலும் அப்பினார். அடடா! சுண்டுவிரலால் தொட்டால் கண்ணாடி ஓடிற்று. பிரேக் போட்டால் தொடாமலே ஓடிற்று. கல் லாரியின் வாலைப் பிடித்தபடி செந்துறைவரை இரண்டு தடவை போய்வந்தார். சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தால் தூசி இல்லை. அந்தக் கைக்குட்டையைக் கடைவீதியில் எதிர்ப்பட்டவர் மூக்குக்கெல்லாம் நேரே நீட்டினார். அக்காளுக்கும் காட்டினார். அவள், "பாப்பம்" என்றாள்.

முகூர்த்த நாள் வெயில் கோழிமுட்டையை வேகவைக்கிற வெயில். அரியமுத்து கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா. சங்கத்தில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத ஆள். அன்று ஒரு நாளாவது ஊர் பார்க்கட்டும் என்று அவனுக்கு ஆசை.

"மாமா, டவுன் வந்துருச்சு. கண்ணாடியத் தள்ளிக்கறேன், சனங்க பாக்கட்டும்."

"தள்ளு மாப்ள! வெண்ணெயாட்டம் போவும் பாரு!"

போயிற்று. வெயிலில் உருகிய மை விரல் நாலிலும் ஏறிற்று. அது தெரியாமல் அவன் வெளியே தலை நீட்டிக் கும்பிட்டான், கும்பிட்ட கையால் கன்னத்து வியர்வையைத் துடைத்தான். மண்டப வாசலில் இறங்கியபோது வலது கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கன்னங்கரேல் என்று ஒரு அப்பு.

நாயனக்காரர் பாதி மூச்சில் நிறுத்தினார். சாமிதுரை கால்சட்டைப் பையில் அந்தக் கைக்குட்டையைத் தேடினார். பெண்ணின் அத்தை, பெரியம்மாள் என்று பேர், முன்னால் வந்தாள்.

"என்னங்க இது, மாப்பிள்ளை கன்னத்துல?"

கொளஞ்சியம்மாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் பெரம்பலூர் அம்பாசிடர் நாலு சக்கரத்தோடு தெரிந்தது. ஆனால் பெண்வீட்டார் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்கப்போவது தன் பிள்ளையாயிற்றே. கண் இமைக்காமல் சொன்னாள்:

"திருஷ்டிக்குங்க. எங்க வூட்டு வழக்கம். தாய்மாமன் வண்டி மையை எடுத்து மாப்பிள்ளைக்கு வச்சுத்தான் எறக்கி வுடுவாரு. உங்க பக்கம் இல்லீங்களா?"

இல்லை என்று சொல்லப் பெரியம்மாளுக்கு மனம் வரவில்லை. "எங்க பக்கமும் உண்டுங்க, இதைவிடப் பெருசா வப்போம்" என்றாள். அவ்வளவுதான். பெண்ணுக்கு வைக்க மை தேடினார்கள். பெண்ணின் தாய்மாமனுக்கு இருந்தது சைக்கிள். அவர் சாமிதுரையின் கார்க் கதவில் விரலை விட்டு வழித்துக்கொண்டு ஓடினார்.

பந்தியில் இலை போடும்போது அக்காள் தம்பியின் தொடையைக் கிள்ளினாள். "கம்முனு கேளு. ஊரு முன்னால வழக்கம்னு சொல்லிப்புட்டேன். இனிமே அந்த மையத் துடைச்சே, உன்னைத் தொலைச்சுப்புடுவேன்."

"அக்கா, பொண்ணை அழைக்கிறதுக்கு..."

"உன் வண்டிதான். வேற எதுல மை இருக்கு?"

ஆவணி பிறந்ததும் மீன்சுருட்டியிலிருந்து ஒரு வீடு, செந்துறையிலிருந்து இரண்டு வீடு, மை உள்ள கார்தான் வேண்டும் என்று வந்துவிட்டன. சாமிதுரை அதைத் தன் பரம்பரை வழக்கம் என்று முழுசாக நம்பத் தொடங்கியிருந்தார். காசிநாதன் பாவம், மதராஸில் உடைக்கப்போட்ட அதே ஜாதிக் கார் ஒன்றிலிருந்து அசல் பட்டையை உரித்துக்கொண்டு வந்து நின்றான். சாமிதுரை அதை வாங்கி முகர்ந்தார், இழுத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு. மாட்டுனா கையில ஒட்டாதே."

"ஒட்டக்கூடாதுன்னுதான மாமா பட்டை?"

"போடா, தொழில் தெரியாதவனே" என்று சொல்லிவிட்டு, மறுநாள் முகூர்த்தத்துக்காக மைச்சட்டியை அடுப்பில் வைக்கச் சொல்லி ராசாத்தியைக் கூப்பிட்டார். அவள் பஸ்ஸில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கம்பளி வாங்க.