ஓதின பாலை அடுப்பில் வைக்கலாமா

பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும் அவளுடைய மாமியார், எனக்கு மதினி, தன் ஊரான பள்ளிவாசல்துறையிலிருந்து ஓதின பால் கொண்டு வந்தா. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வீட்டு ஆட்டில் கறந்த பாலைப் பள்ளிவாசல் லெப்பையிடம் கொண்டுபோய், குர்ஆன் ஓதி ஊதி வாங்கி வந்து, பிள்ளைத்தாய்ச்சிக்குக் குடிக்கக் கொடுப்போம். ஓதின பிறகு அதை அடுப்பில் வைப்பதில்லை. வைத்தால் ஓதினதின் பறக்கத்து, அந்த அருள், போய்விடும் என்று ஒரு பயம். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தா. தில்லையடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது போத்தல் வெயிலுக்கு வெதுவெதுவென்று இருந்தது.

"பிஸ்மி சொல்லி மூணு முடறா குடிங்க மகள்."

மகள் முகத்தைச் சுளித்தாள். "ஆட்டு வாடை அடிக்கிது மாமி."

"ஆட்டுப் பால்ல மாட்டு வாடையா அடிக்கும்? குடிங்க."

குடித்தாள். நாங்களும் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கிழமை முடியுமுன் அவளுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும். உடம்பு நடுங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. தமிழ் கொஞ்சம் கொஞ்சம் கதைப்பா. என்ன சாப்பிட்டது, என்ன குடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தா.

"பால் குடிச்சதா?"

"ஓதின பால் டொக்டர்" என்றா மதினி.

"ஓதினது நல்லம். காய்ச்சினதா?"

மதினி என் முகத்தைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

பச்சைப் பாலில் சில கிருமி இருக்கும், தாய்க்கு லேசான காய்ச்சல் போலத்தான் தெரியும், ஆனால் வயிற்றுப் பிள்ளைக்குப் போனால் பிள்ளை தங்காது என்று டொக்டர் பதமாகத்தான் சொன்னா. மகளுக்கு இரத்தம் எடுத்தார்கள், ஊசியால் மருந்து ஏற்றினார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இருக்கச் சொன்னார்கள்.

நான் மதினியோடு கதைக்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயம். தொழுகிற இடம் தேடி ரெண்டு ரக்அத் தொழுதேன். ரப்பே, அந்தப் பிள்ளையை எங்களுக்குத் தந்துவிடு என்பதைத் தவிர வேறு துஆ என் வாயில் வரவில்லை.

திரும்பி வந்தபோது மதினி வாங்கில் குந்தியிருந்து, துஆச் செய்யச் சொல்லி லெப்பைக்குப் போன் எடுத்து அழுதுகொண்டிருந்தா. போனில் அவர் சத்தம் எனக்கும் கேட்டது.

"அல்லாஹ்வே! காய்ச்சித்தான் கொண்டு வந்தீங்கண்டு நினைச்சிட்டன். என்ட வீட்டில பொங்க வைக்காம ஒரு சொட்டுப் பால் குடிக்க மாட்டம்!"

"காய்ச்சினா பறக்கத்துப் போகாதா லெப்பை?"

"குர்ஆன் ஆயத்து என்ன, நெருப்புக்குப் பயந்து ஓடுமா? இனிக் காய்ச்சிட்டுக் கொண்டு வாங்க. ஆற வெச்சுக் கொண்டு வாங்க, என்ன? போன மாசம் ஒரு ஆள் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்து, நான் ஊதப் போய் என்ட கண்ணாடி எல்லாம் ஆவி."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினி அழுகையோடு என்னைப் பார்த்தா. பிறகு அவவும் சிரித்தா. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவவின் கை குளிர்ந்துபோயிருந்தது.

இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று டொக்டர் வந்து சொல்லும்போது காய்ச்சலும் விட்டிருந்தது. கிருமி குடலோடு நின்றுவிட்டதாம், பிள்ளைக்குப் போகவில்லையாம். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். டொக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு, மகளின் வயிற்றில் ஒரு மெசினை வைத்தா. டுக்கு டுக்கு டுக்கு என்று பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்டது.

"எங்கட மீன்பிடி போட் எஞ்சின் மாதிரியே கேக்குது" என்றா மதினி.

"அப்ப இவனும் மீனுக்குத்தான் போவான்" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே.

டொக்டர் மெசினை எடுக்கப் போனா. "இன்னும் கொஞ்சம் வைங்க டொக்டர்" என்று நாங்கள் ரெண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.