அவள் பார்க்கக் கேட்ட மலை

என் மனைவி படுக்கையில் விழுந்த வருடம், தான் பிறந்த தோட்டத்து மலையை வரைந்து வரச் சொன்னாள். வலப்பனைப் பக்கம் அவள் ஊர். நாங்கள் இருக்கும் ஹட்டனிலிருந்து போனால் நுவரெலியாவில் பஸ் மாற வேண்டும். அந்த வளைவுகளை அவள் உடம்பு தாங்காது.

"நீங்க போயி வரைஞ்சிட்டு வாங்க. நான் இங்கேருந்தே பாத்துக்கிறேன்" என்றாள்.

மலையை நேரில் உட்கார்ந்து வரைந்துதான் எனக்குப் பழக்கம். போட்டோவைப் பார்த்து வரைவதில்லை. கண்ணுக்குத் தெரியாததைத் தாளில் வைப்பதும் இல்லை. தூரத்து மலைக்கு முதலில் தண்ணீர் கூட்டிய நீலம். அது காய்ந்த பிறகு அடுத்த மலை, கடைசியில் தேயிலைச் சரிவு. காயும்வரை காத்திருப்பதே பாதி வேலை.

அவள் தோட்டத்துக்குப் போய், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துப் பக்கம் உட்கார்ந்தேன். நீலம் காய்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. ஈரத்தில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடின. சாயங்காலம்வரை மலை வெளியே வரவில்லை. தெரிந்த பனியையே வரைந்து எடுத்துப் போனேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "எங்க லயத்து வீடு எங்கங்க?"

"பனிக்குப் பின்னால இருக்கு."

"பனியத்தான் தெனமும் இந்த ஜன்னல்ல பாக்குறேனே."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வானம் வெளுத்த ஒரு நாள் பார்த்து மறுபடி போனேன். மலை முழுதாகத் தெரிந்தது. லயத்து வரிசை வீடுகளுக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். அவள் அடிக்கடி சொல்லும் கொய்யா மரம் மட்டும் வாசலில் இல்லை. இருந்ததை இருந்தபடி வரைந்தேன்.

படத்தைக் கையில் வாங்கியதும் மேட்டிலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தாள். "இந்த வழியாத்தான் வெறகுக்குப் போவோம்." விரல் வாசலில் நின்றது. "மரம்?"

"வெட்டிட்டாங்க. வேணும்னா வச்சுத் தர்றேன். எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

தூரிகையை எடுக்க எழுந்தவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "வேணாங்க. இல்லாத மரத்த வச்சீங்கன்னா, அப்புறம் அந்த மலையும் சும்மா வரைஞ்சதுன்னுதான் எனக்குத் தோணும்."

கடைசி நாட்களில் அந்தப் படம் அவள் தலைமாட்டிலேயே இருந்தது. மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். பெட்டியை மூடும்போது, படத்தையும் உள்ளே வைத்துவிடலாமா என்று அவள் அண்ணன் கேட்டார்.

"முடியாது மச்சான். அவ வெரல் வச்சு எறங்கி வந்த வழி இதுலதான் இருக்கு" என்றேன்.