பாண்டியம்மாளும் பிரேக் விளக்கும்

காளவாசலில் வண்டி வயரிங் கடை வைத்திருந்த சோணைமுத்துவுக்கு 1983இல் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மனைவி பாண்டியம்மாள் இரண்டு மாதம் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, எழுப்பி உட்காரவைத்தாள். மூன்றாம் மாதம் அவரைக் கடை நாற்காலியில் இருத்திவிட்டு, வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். பத்து வருஷம் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். ஊர்தான் நம்பவில்லை. டிரைவர்கள் எட்டிப் பார்த்து, "அண்ணனுக்கு ஒடம்பு சரியாகட்டும், வாரோம்" என்று போய்விட்டார்கள்.

போகாமல் நின்றவன் பேயாண்டி ஒருவன்தான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டுபவன். அந்த வேனுக்குப் பிரேக் விளக்கு நிலையாக எரிவதில்லை. பியூஸ் மாற்றினால் ஒரு நாள் எரியும். மறுநாள் பியூஸ் போய்விடும். பாண்டியம்மாள் பிரேக் ஸ்விட்சை மாற்றி அனுப்பினாள். மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தான்.

"யக்கா, தல்லாகுளத்துல பஸ்காரன் பின்னால முட்டப் பாத்தான். உள்ள ஆபரேசன் பண்ணுன ஆளு படுத்திருக்கு. நாளைக்கு எஃப்.சி. சோதனை வேற. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிய நிப்பாட்டிருவாரு. வேற கடைக்குப் போங்கிறாரு மேனேஜரு."

"நீ என்ன சொன்ன?"

"சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னேன்."

ஸ்விட்சில்தான் கோளாறு என்று அவசரப்பட்டது தன் தப்பு என்று பாண்டியம்மாளுக்குப் பட்டது. இந்த வேனும் கைவிட்டுப் போனால், இனி ஒரு வண்டியும் தன் கடை வாசலில் நிற்காது. பியூஸ் பெட்டியைத் திறந்தாள். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி இருந்தது.

"இது யாரு வேலை?"

"நான்தேன். நேத்துத்தேன் வச்சேன். அடிக்கடி போகுதேன்னு..."

"காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டர ஒடைப்பியாப்பா? வயரு பத்திக்கிட்டா, படுத்திருக்கவன் எந்திரிச்சா ஓடுவான்?"

கம்பியைப் பிடுங்கிவிட்டு, அங்கே இரண்டு வயரில் ஒரு பல்பைக் கோத்து மாட்டினாள். பிரேக்கை மிதித்தால் அது மங்கலாக எரியும். மிதிக்காமலே பளிச்சென்று எரிந்தால், வயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். நின்ற வண்டியில் பல்பு எரியவில்லை.

சோணைமுத்துவுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு வேனில் ஏறினாள்.

"சவாரியாக்கும்," என்றார் அவர் குழறலாக.

"ஆமா, வரும்போது மல்லிகைப்பூ வாங்கியாரேன். ஓட்டுப்பா."

பள்ளத்தில் விழும்போதெல்லாம் பல்பு மின்னி அணைந்தது. தொங்கிய வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டினாள். மறுபடியும் மின்னியது. சீட்டுக்கு அடியில் பார்த்தாள். அங்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில் கேட்டாள்:

"இது எப்பருந்து?"

"ஆயுத பூசைக்குப் பொறவுதேன். கண்ணு பட்டிருச்சுக்கா, அம்புட்டு சோடிச்சிருந்தேன்."

"என்னென்ன செஞ்ச, சொல்லு."

"கழுவுனேன், சந்தனம் வச்சேன், மாலை போட்டேன். அழகர் படத்தப் பெருசா மாத்துனேன். சின்ன ஸ்குரூ நிக்கல, ரெண்டு இஞ்சு ஸ்குரூவா இறுக்கிட்டேன்."

பாண்டியம்மாள் டேஷ்போர்டில் இருந்த படத்தைக் கட்டை விரலால் அழுத்தினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. விட்டாள், அணைந்தது.

"யக்கா, சாமி மேல கை வைக்காத! நாளைக்கு எஃப்.சி.ய வச்சுக்கிட்டு..."

"சாமிய யாரு தொட்டா? ஒன் ஸ்குரூவத்தேன் கழட்டப் போறேன். ஓரங்கட்டு."

பேயாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு படத்தை மடியில் வாங்கிக்கொண்டான். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஸ்குரூ நுனி உரசிய இடத்தில், பிரேக் வயரின் தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. அவள் கிழிந்த இடத்தை வெட்டி, புது வயர் சேர்த்து, டேப் சுற்றி, வேறு வழியாகக் கொண்டுபோனாள். படத்தைக் குட்டை ஸ்குரூவில் நிறுத்தினாள். சரியான பியூஸ் போட்டு, அதே பள்ளங்களில் நாலு தடவை ஓட்டச் சொன்னாள். பியூஸ் போகவில்லை. அப்போதும் அவனை விடவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டு, ஐம்பது தடவை மிதிக்க வைத்தாள்.

மறுநாள் வேன் எஃப்.சி.யில் தேறியது. மத்தியானம் பேயாண்டி வந்தபோது, அவன் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினான்.

"எங்க மாப்ள மொக்கைச்சாமிக்கா. நாலு கடை பாத்தாச்சு," என்று கத்தினான் பேயாண்டி.

"மொதல்ல பேட்டரி வயரக் கழட்டுங்கப்பா," என்றாள் பாண்டியம்மாள். சத்தம் நின்றது. "இப்பச் சொல்லு. எப்பருந்து?"