தமிழை எடுத்துவிட்டால் பில்டு ஓடும்

லியோன் அலுவலகத்தில் என் மேலதிகாரியை நான் நீ என்றுதான் அழைக்கிறேன். அவர் பெயர் எத்தியேன். என்னைவிட நிறைய மூத்தவர், தாடி முழுக்க வெள்ளை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் 'வூ' போட்டுப் பேசியதைக் கேட்டு, "நான் என்ன உன் பள்ளிக்கூட வாத்தியாரா? தூ என்றே சொல்" என்றார். நம் நீங்களுக்கு அவர்கள் ஊரில் வூ, நீக்கு தூ. இத்தனை வருடம் ஆன பிறகும் அவரைத் தூ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் என் தோள் கொஞ்சம் குறுகிக்கொள்கிறது. புதுச்சேரிக்காரி என்றால் பிரெஞ்சோடு பிறந்திருப்பாள் என்று அங்கே நினைக்கிறார்கள். எங்களுடையது சொல்தா குடும்பம் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பென்ஷனும் அந்த நாட்டுக் குடியுரிமையும் வைத்திருக்கிற குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எங்களுக்குப் பிரெஞ்சு என்பது கடற்கரைப் பக்கம் போனால் தெருப் பலகையில் தெரிகிற ஒன்று. மேற்படிப்புக்குப் போன இடத்தில்தான் நான் அதைத் தட்டுத் தடுமாறிக் கற்றேன்.

இந்த முறை ஊருக்கு வந்து, கருவடிக்குப்பத்தில் அண்ணன் வீட்டு மாடியறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு லியோன் வேலையைப் பார்த்தேன். அண்ணன் சேகர் டெம்போ ஓட்டியவர். தவளக்குப்பம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவார். வாய் ஓயாத மனிதர், சந்தையில் அவர் குரல் கேட்டால்தான் விடிந்தது என்பார்கள். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பயிற்சி செய்து, நடை திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் தொண்டை வரை வந்து நின்றுவிடும். முதல் மாதங்களில் ஆத்திரத்தில் தட்டை வீசுவார். பிறகு வீசுவதையும் விட்டுவிட்டு, பேசாமல் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். அண்ணி தனம் போனில் அதைச் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

நான் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் செயலி செய்கிறது. டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை அது பேசும். பிரெஞ்சும் இன்னும் சில ஐரோப்பிய மொழிகளும் இருந்தன. தமிழைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். குரல் பதிவுகளை நீயே கொண்டுவந்தால் சேர்க்கலாம் என்றார் எத்தியேன். அண்ணி தன் பழைய மடிக்கணினியில் ஒவ்வொரு சொல்லாகப் பதிந்து, அந்தச் சொல்லையே தமிழில் கோப்புக்குப் பெயராகத் தட்டி அனுப்பினார். ஆண் குரலாக இருந்தால் நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். "யாரு வந்து ஒக்காருவா? என் தம்பி நாலு வார்த்த பேசிட்டு ஓடிட்டான். நானே பேசிட்டேன், போ" என்றார். சில சொற்களோடு ஒரு சோதனைப் பதிப்பு வந்தது. அண்ணன் மனைவியின் குரலில் தண்ணி கேட்டார், ஃபேன் போடச் சொன்னார். "சண்டயும் என் குரல்லயே போடுறாரு. தெருவுல கேக்குறவங்க நான் தனியா கத்திட்டு இருக்கேன்னு நெனைக்கிறாங்க" என்று அண்ணி சிரித்தார். சுவரைப் பார்ப்பது நின்றிருந்தது. ஆனால் சோதனைப் பதிப்புக்கு ஆயுள் குறைவு. நான் வந்திருந்த அந்த வாரக் கடைசியில் முழுப் பதிப்பு வெளியாகும், பழையது நின்றுவிடும்.

நிரலையும் ஒலிக்கோப்புகளையும் சேர்த்து விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்படி கட்டுகிற வேலைக்கு பில்டு என்று பெயர். லியோனில் ஒரு சர்வர் அதைத் தானாகச் செய்யும். அது நின்றுபோனால் ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். அண்ணியின் சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்த அன்று அது நின்றுபோனது. என் மேக்கில் பச்சை விளக்கு. மற்ற இரண்டிலும் சிவப்பு. அண்ணனின் டேப்லெட்டில் ஓடுவது லினக்ஸ் வகை. 'போதும்' என்ற கோப்பு இல்லை என்றது சர்வர். கோப்புறையைத் திறந்து பார்த்தால் 'போதும்' இருக்கிறது. இருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்லும் இயந்திரத்தோடு என்ன வாதாடுவது? அழித்து மறுபடி ஏற்றினேன். பழைய மிச்சங்களைத் துடைத்தேன். அனுமதிகளைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் பில்டு முழுதாக ஓடித்தான் சிவப்பைக் காட்டும், அதுவரை வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழேயும் முதுகு நனைந்தது. அண்ணி காபியோடு மேலே வந்து, "இன்னுமா வரல?" என்பார். "வந்துடும் அண்ணி" என்பேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

மதியம் லியோன் விழித்ததும் எத்தியேன் அழைத்தார். தமிழை எடுத்துவிட்டால் மூன்றிலும் பில்டு ஓடுகிறது, அவரே செய்து பார்த்திருக்கிறார். "இந்த முறை தமிழை விட்டுவிடுவோம். வெளியீடு தள்ளிப்போக முடியாது" என்றார். "தாக்கோர்" என்றேன். சரி என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒருவர் பேசப் பேச சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருப்போம். காதில் விழுகிறது, மேலே சொல் என்பதுதான் அதற்குப் பொருள். அவர் ஊரில் தாக்கோர் என்றால் கையெழுத்துப் போட்டது மாதிரி. சிறிது நேரத்தில் எல்லோருக்கும் மின்னஞ்சல் போய்விட்டது. தமிழ் இல்லை, செல்வி ஒப்புக்கொண்டாள் என்று என் பெயரைப் போட்டு. படித்துவிட்டுப் பதில் எழுதக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் சாய்ந்தேன். கீழே அண்ணன் டேப்லெட்டைத் தட்டுவது கேட்டது. "தண்ணி" என்றது அண்ணியின் குரல். "இந்தா வர்றேன்" என்றது அதே குரல், அடுக்களையிலிருந்து.

மறுநாள் காலை, 'போதும்' என்ற பெயரை அழித்து அதையே என் கணினியில் கையால் தட்டி மாற்றினேன். சர்வர் அதைத் தாண்டிப் போய் 'சோறு' இல்லை என்றது. அதை மாற்றியதும் 'கொஞ்சம்' இல்லை. 'தண்ணி', 'வலிக்குது', 'மாத்திரை' எதற்கும் தகராறு இல்லை. அண்ணியின் மடிக்கணினியை வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு அதே 'போதும்' கோப்பைத் திறந்து பெயரைப் பின்னிருந்து அழித்தேன். 'ம்' போனது, 'து' போனது. அடுத்த அழுத்தத்தில் துணைக்கால் மட்டும் போய் 'பே' மிஞ்சியது. என் கணினியில் அதே அழுத்தத்துக்கு ஓகாரக் குறி முழுதும் போய் 'ப' மட்டும் நின்றது. அண்ணியின் விசைப்பலகை கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதுகிறது, நிரலில் இதே சொற்களைத் தட்டிய என்னுடையது ஒரே குறியாக எழுதுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். என் மேக்கும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டும் வேறு வேறு பெயர் என்றன. யார்மேலும் தப்பில்லை, ஆளுக்கொரு வழக்கம். பில்டு தொடங்கும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சில வரிகளை எழுதினேன். மூன்று விளக்கும் பச்சையானபோது சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

எத்தியேனை அழைத்து, தமிழோடும் பில்டு ஓடுகிறது, சேர்த்தே வெளியிடலாம் என்றேன். "நீதான் தாக்கோர் என்றாயே?" என்றார். "நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்றுதான் சொன்னேன்." பிறகு, "உன் அண்ணனுக்கு மட்டும் தனியாக ஒன்று கட்டித் தருகிறேன். அதில் தமிழ் இருக்கட்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்குச் சரி என்று சொல்லிவிட வாய் வந்தது, அவ்வளவு அலுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் மாதிரியே வாயைத் திறந்து மூடிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். தனியாகக் கட்டினால் அது எங்கள் வீட்டுச் சலுகை. அடுத்த வெளியீட்டில் மறந்துபோகும். "அண்ணனுக்காக மட்டும் கேட்கவில்லை" என்றேன். "சரி, பெயர்களை லத்தீன் எழுத்தில் மாற்றிவிடேன். கோப்புப் பெயரில் நாங்களே எங்கள் மொழியின் மேற்குறிகளைப் போடுவதில்லை, இதே தொல்லைக்காகத்தான்" என்றார். "புதுச் சொற்களை வீட்டில் இருப்பவர்கள்தானே சேர்ப்பார்கள்? என் அண்ணி தமிழில்தான் எழுதுவார்." அவர் பெருமூச்சு விட்டது காதில் கேட்டது. "உடைந்தால் யார் பார்ப்பது?" "நான்தான்." "எப்போதும்?" "எப்போதும்." "தாக்கோர்" என்றார். அவர் சொன்னதால் அது உறுதி.

வெள்ளிக்கிழமை முழுப் பதிப்பு டேப்லெட்டில் இறங்கியது. மதியச் சாப்பாட்டில் அண்ணி இரண்டாம் முறை சோறு போட வந்தபோது அண்ணன் இடது கையால் திரையைத் தொட்டார். "போதும்" என்றது. அண்ணி கரண்டியோடு நின்றுவிட்டார். "அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்சம் சாப்புடு." "போதும்", "போதும்", "போதும்" என்று விடாமல் தட்டினார். ஒரு வருடமாகத் தட்டில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் போட்ட கூழையெல்லாம் இப்புடித்தான் பல்லக் கடிச்சிட்டுத் தின்னியா?" என்றார். அண்ணன் தேடிப் பார்த்து ஒரு படத்தைத் தொட்டார். "ஆமாம்."

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து திரையில் வெகுநேரம் விரலால் துழாவினார். "செல்வி" என்றது அண்ணியின் குரல். என் பெயரையும் பதிந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "எப்போ... வீடு... போற?"

"நான் கேக்கலம்மா, அவருதான் கேக்குறாரு" என்றார் அடுக்களையிலிருந்து அண்ணி.

இந்த வீட்டில்தான் நான் பிறந்தேன். மாடியறை மட்டும் பிறகு எழுப்பியது. "எந்த வீட்டுக்குண்ணா?" என்று கேட்டேன். அவர் மறுபடி திரையைத் துழாவினார். நாங்கள் சேர்த்திருந்ததில் வீடு என்று ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதைத் தொடப் போன விரலை எடுத்துக்கொண்டு, இடது கையை மெல்லத் தூக்கினார். அது முதலில் மாடிப்படியைக் காட்டியது. பிறகு வாசலில் இருந்த பெட்டியைக் காட்டியது. அப்புறம் இரண்டுக்கும் நடுவே, எங்கே இறங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.